999 ஆண்டுக் குத்தகையும் ஒரு நாள் ஆயுளும்

கொஞ்ச நாளாக முல்லைப் பெரியாறு அணை பற்றிய குறிப்புகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறேன். அணையின் பலம், நீர்மட்டம், வழக்கு, தீர்ப்பு பற்றியெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு எண்: 999.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானமும் சென்னை மாகாண அரசும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. அணை கட்டவும் நீர் தேக்கவும் சுமார் 8,000 ஏக்கர் காட்டு நிலம், ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய் வாடகை, காலம் 999 ஆண்டுகள். விவிலியத்தில் மிக நீண்ட ஆயுள் வாழ்ந்தவன் என்று சொல்லப்படும் மெத்தூசலாவின் வயது 969. அதாவது, ஒப்பந்தம் கையெழுத்தான அன்று மெத்தூசலா பிறந்திருந்தால்கூட, குத்தகை முடிவதைப் பார்க்காமல் 30 வருஷம் முன்னாடியே செத்துப்போயிருப்பான்.

இது வெறும் வேடிக்கைக் கணக்காகத்தான் முதலில் தோன்றியது. ஆனால் கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்று பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. திருவிதாங்கூர் சார்பில் கையெழுத்திட்டவர் திவான் ராமய்யங்கார். 1887-இல் அவர் காலமானார். 999 ஆண்டுக்கு உறுதி கொடுத்த கைக்கு அடுத்த வருஷத்துக்கு உறுதி இல்லை.

இதைப் படித்த அதே வாரத்தில் உத்தமபாளையம் பக்கத்து ஊர் ஒன்றில் நண்பரின் அம்மாச்சியைப் பார்க்கப் போயிருந்தேன். தொண்ணூறைத் தாண்டியவர், சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவர். "எப்படி இருக்கீங்க அம்மாச்சி?" என்று கேட்டேன். "இன்னைக்கு இருக்கேன்ப்பா, ஸ்தோத்திரம்" என்றார். "நல்லா இருக்கேன்" என்று சொல்லவில்லை. இன்றைக்கு இருக்கிறேன், அவ்வளவுதான்.

999-க்கும் "இன்னைக்கு"க்கும் நடுவில் உள்ள தூரம்தான் இந்தக் கட்டுரை. நீண்ட ஆயுளுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது கிறிஸ்தவ வீடுகளில் சாதாரணப் பழக்கம். அந்த நன்றி எங்கிருந்து வந்தது, கம்பம் பள்ளத்தாக்கின் வரலாற்றில் வைத்துப் பார்த்தால் அதற்கு என்ன பொருள் என்று தேடிப் பார்த்தேன்.

நீளம் முக்கியமில்லை என்று சொன்ன பட்டியல்

மெத்தூசலா வருகிற ஆதியாகமம் 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து படித்துப் பாருங்கள். அது ஒரு வம்சப் பட்டியல். ஆதாம் 930 வருஷம், சேத் 912, யாரேத் 962 என்று நீளும். ஒவ்வொருவருக்கும் ஒரே வாய்பாடுதான்: இத்தனை வயதில் பிள்ளை பெற்றான், இத்தனை வருஷம் வாழ்ந்தான், இறந்தான். 969 வருஷம் வாழ்ந்த மெத்தூசலா என்ன செய்தான் என்பதற்கு அந்த நூலில் ஒரு சொல்லும் இல்லை.

பட்டியலிலேயே குறைந்த ஆயுள் அவனுடைய அப்பா ஏனோக்குக்குத்தான். 365 வருஷம். ஒரு வருஷத்தின் நாள் கணக்கு! ஆனால் கடவுளோடு நடந்தவன் என்று அந்த அதிகாரம் சொல்வது அவனை மட்டும்தான். "இறந்தான்" என்ற சொல்லும் அவனுக்கு மட்டும் இல்லை. ஆயுளின் நீளத்தைப் பற்றி விவிலியம் எடுத்த எடுப்பிலேயே தன் நிலையைச் சொல்லிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அடுத்தது எல்லாருக்கும் தெரிந்த 90-ஆம் சங்கீதம். மனிதனுக்கு 70 வருஷம், திடம் இருந்தால் 80 என்று சொல்வது அதுதான். எழுபதாவது பிறந்தநாள் ஆராதனைகளில் இதை வாசிப்பார்கள். ஆனால் முழுதாகப் படித்தால் அது வாழ்த்துப் பாட்டு இல்லை. ஆயுள் இவ்வளவுதானா என்ற புலம்பல். புலம்பியபின் அது நீண்ட ஆயுளைக் கேட்கவில்லை. நாள்களைக் கணக்கிடத் தெரிய வேண்டும் என்று கேட்கிறது. அளவு வருஷத்திலிருந்து நாளுக்கு இறங்கிவிடுகிறது.

விவிலியம் முழுக்க இந்த "ஒரு நாள்" அளவு திரும்பத் திரும்ப வருகிறது. பாலைவனத்தில் கிடைத்த மன்னாவை அன்றன்றைக்குத்தான் எடுக்க வேண்டும். மறுநாளைக்கு என்று பதுக்கினால் புழு வைத்துவிடும். ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும்தான் விலக்கு. இயேசு கற்பித்த ஜெபத்திலும் அன்றைய உணவுதான் கேட்கப்படுகிறது. காலைதோறும் கடவுளின் இரக்கம் புதிதாகிறது என்ற கருத்து இன்று காலண்டரிலும் வாக்குத்தத்த அட்டையிலும் பூப்படத்தோடு வருகிறது. அது இருப்பது புலம்பல் என்ற நூலில். கி.மு. 6-ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை இடித்துத் தரைமட்டமாக்கியபின் பாடப்பட்ட ஒப்பாரி அது. பட்டினியில் செத்த பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற நூலின் நடுவில்தான் அந்த வரி இருக்கிறது.

அப்படியென்றால், நாளுக்கு நன்றி சொல்லும் பழக்கம் நிம்மதியாக நீண்ட காலம் வாழ்ந்தவர்களிடமிருந்து வந்ததில்லை. நாளைக்கு இருப்போமா என்று தெரியாதவர்களிடமிருந்து வந்தது. சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

சராசரி ஆயுள் இருபத்துச் சொச்சம்

இந்தியா முழுவதற்கும் ஒரே நேரத்தில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1881-இல். அதற்குப்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்குகளை வைத்து ஆய்வாளர்கள் சராசரி ஆயுளைக் கணித்திருக்கிறார்கள். 1881 முதல் 1921 வரை அது சுமாராக 20-க்கும் 25-க்கும் இடையிலேயே கிடந்தது. 1918-இன் விஷக்காய்ச்சல் அடங்கிய பத்தாண்டில் அடிமட்டத்துக்குப் போனது.

இந்த எண்ணைத் தப்பாகப் புரிந்துகொள்ளக் கூடாது. எல்லாரும் 23 வயதில் செத்தார்கள் என்று பொருள் இல்லை. அன்றும் அறுபது, எழுபது வாழ்ந்த கிழவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். குழந்தைகள்தான் கொத்துக் கொத்தாக இறந்தன. முதல் ஐந்து வருஷத்தைத் தாண்டியவனுக்குத்தான் ஆயுளே தொடங்கியது. தாண்டியபின்னும் பெண்களுக்குப் பிரசவம், எல்லாருக்கும் காலரா, காய்ச்சல், பஞ்சம். 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் மதுரைச் சீமையையும் விட்டுவைக்கவில்லை. மேற்கே பாயும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பியே ஆக வேண்டும் என்ற பழைய யோசனை வேகம் பிடித்தது அந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான்.

அணையில் இறந்தவர்கள்

அணை வேலை 1887-இல் தொடங்கியது; 1895 அக்டோபரில் ஆளுநர் வென்லாக் பிரபு திறந்துவைத்தார். சுண்ணாம்பும் சுர்க்கியும் சேர்த்த காரையில் கட்டிய அணை. தேக்கிய நீர் தேக்கடிப் பக்கம் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் இறங்கி, வைரவனாறு, சுருளியாறு என்று ஓடி வைகையில் சேர்கிறது. கூடலூர் முதல் மதுரைக்கு அப்பால் வரை வயல் நனைகிறது. கூடலூர் தாண்டி மலையடிவாரத்தில் இருக்கும் லோயர் கேம்ப் என்ற ஊர்ப்பெயரிலேயே அந்தக் காலத்து வேலை முகாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வெள்ளம் ஆரம்பக் கட்டுமானங்களை அடித்துப்போனது பலருக்குத் தெரிந்த கதை. அதைவிடப் பெரிய எதிரி காய்ச்சல். கட்டுமான காலத்தில் நோயால் இறந்தவர்கள் என்று வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு 483. அணைக்கு வடக்கே ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பொறியாளர்களும் வேலையாட்களும் அங்கே புதைக்கப்பட்டார்கள்.

இதில் ஒரு வருடக் கணக்கைக் கவனியுங்கள். மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதற்கான முக்கியத் தடயத்தை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்ட் 20 அன்று. அணை திறந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து. அணையில் செத்தவர்களுக்குத் தாங்கள் எதனால் சாகிறோம் என்பதே தெரியாது. கெட்ட காற்று, காட்டுத் தண்ணி, முனி அடி என்று ஆளுக்கொரு காரணம். கொயினா கிடைத்தவர்கள் சிலர் பிழைத்தார்கள். அந்த முகாமில் ஒருவன் காலையில் எழுந்து, உடம்பு சுடவில்லை என்று தொட்டுப் பார்த்துவிட்டு "அப்பாடா" என்று சொல்லியிருந்தால், அதுதான் ஒரு நாளுக்கான நன்றி. எந்த மதத்துக்காரன் சொன்னாலும் அதேதான்.

அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக் பற்றியும் ஒரு குறிப்பு. அவர் பிறந்தது 1841 ஜனவரி 15. அவருடைய எட்டாவது பிறந்தநாளுக்குச் சரியாக இரண்டு நாள் முன்பு, 1849 ஜனவரி 13 அன்று, பஞ்சாபில் சிலியன்வாலா போரில் அவர் அப்பாவும் அண்ணன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். அண்ணனுக்கு வயது 17. தம்பி இறந்தது 1911 மார்ச் 9 அன்று, எழுபது வயதில். சங்கீதக்காரன் சொன்ன கணக்கு அப்படியே கிடைத்தது. அந்த எழுபதில் எட்டு வருஷத்தை இந்த மலை எடுத்துக்கொண்டது.

இன்று ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் அவர் பெயரில் பொங்கல் வைக்கிறார்கள். பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளில் சாமி படங்களோடு அவர் படமும் மாட்டியிருக்கிறது. 2013-இல் லோயர் கேம்பில் அரசு மணிமண்டபமும் வந்துவிட்டது. சபைக்குப் போகாத விவசாயி, சபைக்காரராக வளர்ந்த ஓர் ஆங்கிலேயருக்குச் சொல்லும் நன்றி இது. எனக்கு இதில் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த 483 பேருக்குப் பொங்கல் இல்லை. அவர்களில் பெரும்பாலானோரின் பெயரும் நமக்கு வந்து சேரவில்லை. குட்டையான ஆயுள்களின் மேல்தான் நீண்ட ஆயுள் கட்டப்படுகிறது என்பதை அணை நேரடியாகவே காட்டுகிறது.

உயிர் பிழைக்க ஏறிய பாதை

பள்ளத்தாக்கின் வடக்கு முனையில் பெரியகுளம். அங்கிருந்து கும்பக்கரை பக்கமாக மலையேறும் பழைய பாதை கொடைக்கானலுக்குப் போகிறது. கார் போகும் ரோடு 20-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்கு முன் கோடைக்குப் போகும் முக்கிய வழி இந்தக் காட்டுப் பாதைதான்.

அமெரிக்க மதுரை மிஷன் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்தது. வந்த சில வருஷங்களுக்குள் மிஷனரிகளும் அவர்கள் மனைவிமாரும் குழந்தைகளும் காலராவிலும் காய்ச்சலிலும் இறக்கத் தொடங்கினார்கள். தப்பிக்கச் சிறுமலையில் இடம் பார்த்தார்கள். அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845-இல் கொடைக்கானலில் இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டார்கள். கொடைக்கானல் என்ற மலைநகரம் அப்படித்தான் தொடங்கியது. இன்று தேனிலவுக்குப் போகிற ஊர், அன்று சாகாமலிருக்கப் போன ஊர். 1838-இல் மதுரை மிஷனுக்குத் திரும்பிவந்த பிரெஞ்சு இயேசு சபைக் குருக்களுக்கும் இதே கதைதான். வந்தவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே இளம் வயதில் இறந்தார்கள்.

மேலே போய்ச் சேர்ந்த குடும்பம் முழங்கால் போட்டு நன்றி சொல்லியிருக்கும். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவர்களை டோலியிலும் நாற்காலியிலும் தூக்கிக்கொண்டு ஏறியவர்கள் மறுபடி கீழே இறங்கினார்கள். அவர்களுக்கு மேலே வீடு கிடையாது. இங்கேதான் ஆயுளுக்கான நன்றியில் ஒரு முள் இருக்கிறது. "என்னைக் காப்பாத்தினீரே, ஸ்தோத்திரம்" என்று ஒருவர் சொல்லும்போது, காப்பாற்றப்படாத பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கேட்டால் என்ன நினைப்பார்?

இதற்கு எளிதான பதில் ஒன்றைச் சிலர் சொல்வார்கள்: கீழ்ப்படிந்தவனுக்கு ஆயுசு கூடும். தாய் தகப்பனை மதித்தால் பூமியில் நாள் நீடிக்கும் என்ற வாக்கு பத்துக் கட்டளையிலேயே இருக்கிறதுதான். மறுக்கவில்லை. ஆனால் அதைத் திருப்பிப் போட்டு, சீக்கிரம் செத்தவன் கீழ்ப்படியாதவன் என்று வாசிக்கக் கூடாது என்பதற்கு விவிலியத்தில் யோபு என்று ஒரு முழு நூல் இருக்கிறது. மதுரை மிஷனின் பழைய வரலாற்றிலேயே பாருங்கள். ராபர்ட் தெ நொபிலி 1656-இல் எழுபத்தெட்டு வயதில் கண்பார்வை மங்கி மயிலாப்பூரில் இறந்தார். அருளானந்தர் என்ற ஜான் தெ பிரிட்டோ 1693-இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டபோது ஐம்பதுகூட ஆகவில்லை. திருச்சபை புனிதர் பட்டம் கொடுத்தது இரண்டாமவருக்கு. கடைசியாக ஒன்று: கிறிஸ்தவர்கள் வழிபடுகிறவரே முப்பத்துச் சொச்சம் வயதில் கொல்லப்பட்டவர். நீண்ட ஆயுளைப் பரிசாகப் பார்க்கிற இறையியல் சிலுவைக்கு முன்னால் நிற்காது.

மூன்று மரணங்கள், ஒரு நீண்ட ஆயுள்

அப்படியானால் நீண்ட ஆயுள் கிடைத்தவர் அதை என்னதான் செய்வது? இதற்குப் பதில் போல ஒருவர் அதே கொடைக்கானலில் வாழ்ந்து முடித்தார். டாக்டர் ஐடா ஸ்கடர்.

1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் மிஷன் மருத்துவர்கள். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த ஐடாவுக்கு இந்த ஊரில் வாழும் எண்ணம் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், இன்னொருவர் வேறு சாதி இந்து. மூவரின் மனைவிக்கும் பிரசவச் சிக்கல். ஆண் மருத்துவரான அப்பா வரக் கூடாது, நீங்கள் வாருங்கள் என்றார்கள். ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்திருந்தார்கள்.

அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1900-இல் வேலூருக்கு வந்தார். 1902-இல் மருத்துவமனை, 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதுதான் வளர்ந்து இன்றைய சி.எம்.சி. ஓய்வுக்குப்பின் கொடைக்கானலில் தம் வீட்டில் இருந்தார். 1960 மே 24 அன்று அங்கேயே இறந்தார். வயது 89.

அந்த மூன்று பெண்களுக்கும் இருபது வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. அவர்கள் இழந்த வருஷங்களும் தம் கணக்கில் சேர்ந்துவிட்டதுபோல இவர் உழைத்தார். ஐடாவின் வாழ்க்கையில் நன்றி என்பது ஒரு கடன். கடவுளுக்குச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட முடியாத கடன். பிழைக்காதவர்களின் பேரில், இனிப் பிறக்கப்போகிறவர்களுக்குச் செலுத்த வேண்டியது.

நன்மரணம் கேட்டவர்கள்

பள்ளத்தாக்கில் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் உண்டு. கோயில் மணி காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளை அடிக்கும். திரிகால செபம் சொல்வார்கள். ஒரு நாளை மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் கையில் வாங்கிக்கொள்வது மாதிரி.

பழைய கத்தோலிக்கச் செபங்களைப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கும். அவற்றில் நீண்ட ஆயுளைவிட அதிகமாகக் கேட்கப்படுவது நன்மரணம். அதற்குப் பாதுகாவலர் சூசையப்பர். மிகவும் அஞ்சியது சடுதி மரணத்துக்கு, அதாவது ஆயத்தம் இல்லாமல் திடீரென்று சாவதற்கு. காலையில் காலரா கண்டவன் அன்று ராத்திரியே போய்விடுவான். பாவசங்கீர்த்தனம் செய்ய, பகையாளியிடம் சமாதானம் ஆக, பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருக்காது. அந்த நேரம்தான் அவர்கள் கேட்ட வரம்.

இன்று யாரிடம் கேட்டாலும் தலைகீழாகச் சொல்வார்கள்: "தூக்கத்துலயே போயிடணும். யாருக்கும் தொந்தரவு இல்லாம, எனக்கே தெரியாம." அன்று சாபம் என்று அஞ்சியது இன்று பாக்கியம் ஆகிவிட்டது. சாவு தொலைவாகப் போனதால் வந்த மாற்றம் இது. தொலைவில் இருப்பதற்கு யாரும் தினமும் ஆயத்தம் செய்வதில்லை. தினமும் ஆயத்தம் செய்யாதவனுக்குத் தினமும் நன்றி சொல்லவும் தோன்றுவதில்லை. பிறந்தநாளுக்கு ஒருமுறை, டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் ஒருமுறை என்று நன்றி வருடாந்திரக் கணக்காகிவிட்டது.

எழுபது சராசரியான பிறகு

சுதந்திரம் வந்த சமயத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் சுமார் 32. இன்று ஏறக்குறைய 70. தமிழ்நாட்டில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சங்கீதக்காரன் ஒரு முழு வாழ்க்கை என்று சொன்ன எண் நம் தலைமுறையில் நாட்டின் சராசரியாகிவிட்டது. மூவாயிரம் வருஷத்தில் யாருக்கும் கிடைக்காதது நம் அப்பா அம்மாவுக்குக் கிடைத்திருக்கிறது.

எப்படிக் கிடைத்தது? தடுப்பூசி, குழாய்த் தண்ணீர், 1953-இல் தொடங்கிய தேசிய மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம், ஆரம்ப சுகாதார நிலையம், வீடு வீடாக வந்த கிராம நர்ஸ், பெண்கள் படித்தது, இரண்டு போகம் விளைந்தது. இவை யார் யாரோ செய்த வேலைகள். கிறிஸ்தவராக இருப்பவர் இவற்றைக் கடவுளின் கை என்று சொல்லலாம். அது அவருடைய விசுவாசம். ஆனால் அந்தக் கை வந்து சேர்ந்தது மனிதர்களின் கைகளாகத்தான். பெயரில்லாமல் ஆகாயத்தைப் பார்த்து மட்டும் சொல்லும் நன்றி பாதி நன்றிதான் என்று இந்தத் தேடல் முடிகிறபோது எனக்குத் தோன்றுகிறது.

பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மனம் வரவில்லை. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் இந்தக் கொடியைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்று அப்போது வந்த செய்திகள் சொல்லின. மற்ற இடங்களில் திராட்சை ஒரு பருவத்தில்தான் வரும். இங்கே மண்ணும் காற்றும் தண்ணீரும் அமைந்த விதத்தில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பறிப்பு நடக்கும். நட்ட பாதிரியார் கம்பத்துக் கொத்தை ருசி பார்த்தாரா என்று கேட்டால் சிரிப்பார்கள். நட்டவரே பறிப்பது என்ற வழக்கம் இந்தப் பள்ளத்தாக்கில் கிடையாது.

அம்மாச்சியிடம் திரும்பி வருகிறேன். அன்று பேச்சு நீண்டது. பிறந்த தேதி அவருக்குத் தெரியாது. "வெள்ளைக்காரன் காலத்துல பொறந்தவ" என்பதோடு சரி. பெற்றது ஏழு, "ரெண்ட மண்ணுல வச்சேன்" என்றார். தினமும் விடிகாலையில் எழுந்து ஜெபிப்பாராம். என்ன ஜெபிப்பீர்கள் என்று கேட்டேன்.

"என்னாப்பா பெருசா? பேரு சொல்லுவேன்" என்றார்.

அவ்வளவுதான் அவருடைய ஜெபம். தன் பிரசவங்களுக்கு வந்த நர்ஸம்மா பெயர். பஞ்ச காலத்தில் கம்பு கொடுத்த கவுண்டர் வீட்டு அம்மா பெயர். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிப்போன பாய் பெயர். புருஷன், கூடப்பிறந்தவர்கள், மண்ணில் வைத்த இரண்டு பிள்ளைகள் பெயர். அதில் ஒன்றுக்கு ஞானஸ்நானம் கொடுக்குமுன்பே உயிர் போய்விட்டது. பெயரை அவரே வைத்துக்கொண்டார். எல்லாப் பெயரையும் சொல்லி முடிப்பதற்குள் விடிந்துவிடுமாம்.

"அவுகளுக்கெல்லாம் கெடைக்காத நாளு எனக்குக் கெடைச்சிருக்கு. சும்மா எந்திரிச்சா எப்படி?"

வெளியே வந்தபோது வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பெரியாற்றுத் தண்ணீர். குத்தகையில் இன்னும் 850 வருஷத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது. வீட்டுக்கு வந்து, எனக்குத் தெரிந்த பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பதினொன்றுக்கு மேல் போகவில்லை. இன்னும் விசாரிக்க வேண்டும்.